குதிரைக்குத் தண்ணீர்த் தொட்டி

ஃபெர்கல்,

ஆட்டுக்கறி ஸ்டூ அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். நான் பெல்ஃபாஸ்டில் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

நேற்று டி.வி. தொடரில் இளவரசி ஓரினைக் கொன்றுவிட்டார்களே என்று நான் கதறியபோது, டீ போடுவதாக எழுந்து போனாய். அவளுடைய சவப்பெட்டியைத் திரையில் காட்டியதும் ஏன் என்று புரிந்தது. போன குளிர்காலத்தில் அந்தத் தொடருக்காக நம் கொட்டகையில் நீ செதுக்கிய பெட்டி! விளக்குப் பிடித்தவள் நான். "என்னப்பா இது?" என்று கேட்டதற்கு, "ஓரினோட குதிரைக்குத் தண்ணித் தொட்டி" என்றாய். "மூடி எதுக்கு?" என்றேன். "தூசி விழாம இருக்க" என்றாய். நானும் நம்பித் தொலைத்தேன்.

அதற்குப் பிறகு, "அவதான் பட்டத்துக்கு வருவா, பாரு!" என்று நான் குதித்தபோதெல்லாம் தலையாட்டினாயே, நீயெல்லாம் மனுஷனா? வெளியே சொல்ல மாட்டேன் என்று படப்பிடிப்புக்காரர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயாம். கல்யாணத்தன்று தேவாலயத்தில் எனக்கும் ஒன்று போட்டாய், நினைவிருக்கிறதா?

ப்ரோனா

பி.கு.: மாலை உன் அம்மா வருகிறார். அவர் இன்னும் நேற்றைய பகுதியைப் பார்க்கவில்லை, வாயைத் திறக்காதே. உனக்கா சொல்லித் தர வேண்டும்!

இன்னொன்று: பெட்டி மூடியில் நீ செதுக்கிய ஓர் இலை கோணல். உலகமே பார்த்தது. யாருக்கு என்று சொல்லியிருந்தால், விளக்கை ஆட்டாமல் பிடித்திருப்பேன்.