அம்மா போட்ட கையெழுத்து

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு எப்போதும் உள்ள நினைப்பு. அங்கே குளிர் அதிகம் என்று செய்தியில் காட்டினார்கள், பிள்ளையின் காதை மூடாமல் வெளியே கூட்டிப் போகாதே. என் முழங்கால் வழக்கம் போலத்தான், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, எழுந்தால் உட்கார மாட்டேன் என்கிறது. உன் அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தையல் ஆலையில் ஆர்டர் குறைந்துபோனது உனக்குத் தெரியும். மொத்தமாகப் பூட்டிவிடுகிறோம் என்றுதான் முதலில் முதலாளி தரப்பில் சொன்னார்கள். சங்கத் தலைவியாயிற்றே, உன் அம்மா மற்றப் பெண்களோடு கேட்டில் உட்கார்ந்து, வெயிலில் கருத்து, தொண்டை கட்டி, கடைசியில் பாதி மிஷினாவது ஓடட்டும், கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலில் போவது என்று ஒப்பந்தம் பேசி முடித்தாள். அப்படிப் போக வேண்டியவர்களில் உன் சித்தியும் ஒருத்தி. சித்தப்பா தவறிப்போன பிறகு அம்மாதானே தங்கச்சியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அங்கே சேர்த்துவிட்டாள். கையெழுத்துப் போடும் முன் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, "உங்க தங்கச்சியை மட்டும் விட்டுடலாம்மா, யாருக்கும் தெரியாது" என்றாராம். "அவளை விட்டா அந்த இடத்துல யாரை அனுப்புவீங்க?" என்று இவள் கேட்டிருக்கிறாள். பட்டன் தைக்கிற பெண்ணை, என்றார். காது கேட்காத பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாகக் கிடக்கிறாளே, அவள்தான். உன் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மேனேஜர் சொன்ன விஷயம் எப்படியோ கசிந்து சித்தி காதுக்கும் போயிற்று. வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "ஊருக்கெல்லாம் நீ அக்கா, எனக்கு மட்டும் தலைவியா?" என்று கேட்டாள். உள்ளே வாம்மா, உட்கார்ந்து பேசலாம் என்று நான்தான் குறுக்கே போனேன், "நீங்க சும்மா இருங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டோடு போய்விட்டாள்.

அம்மா வீட்டிலேயே இருப்பதில்லை என்று சின்ன வயதில் நீ அழுவாய். அவள் அப்படி அலைந்ததில்தான் ஆலைக்குள் கைக்குழந்தைகளை விட ஓர் அறை கிடைத்தது, கழிப்பறைக்குப் போகச் சூப்பர்வைசரிடம் கெஞ்சுவது நின்றது, நம் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் புருஷனை எழுப்பும் முன் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இப்போது யாரும் வருவதில்லை பாப்பா. வேலை போனவர்கள் இவளைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போகிறார்கள், வேலை தங்கினவர்கள் கூச்சத்தில் முகம் பார்ப்பதில்லை. சங்கத் தேர்தலில் போட்டியே இல்லாமல் மறுபடியும் இவளைத்தான் தலைவியாக்கினார்கள். வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டாள். "எதுத்து நிக்க ஒருத்தி வந்திருந்தாக்கூடத் தேவலைங்க, சண்டை போடவாவது என்கிட்ட பேசியிருப்பா" என்றாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

வேலை போனவர்களுக்கு மற்ற ஆலைகளில் இடம் கேட்டு இன்னும் படியேறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். அதிலும் வரிசை மாறக் கூடாது அவளுக்கு. போன வாரம் சித்தியின் முறை வந்தது. தான் போனால் கதவைச் சாத்திவிடுவாள் என்று பயந்து, ஆலையில் பட்டனுக்குக் காஜா எடுக்கிற அம்மாளை அனுப்பினாள். அந்த அம்மாள் திரும்பி வந்து, "சங்கம் வாங்கிக் குடுக்கிற வேலை எனக்கு வேண்டாம்னுட்டா, நாலு வீட்ல பாத்திரம் தேய்க்கப் போறாளாம்" என்றாள். அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விட்டது. உன் அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான், "மெலிஞ்சிருக்காளா?" அந்த அம்மாள் பாவம், கவனிக்கலையே என்றுவிட்டாள்.

சித்தி உன்னோடு மட்டும் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும். அவளிடம் நியாயம் பேசப் போகாதே, அம்மா செய்தது சரி என்றும் சொல்லாதே, தப்பு என்றும் சொல்லாதே, அதைத் தீர்க்க நம்மால் ஆகாது. வீடியோவில் கூப்பிட்டுச் சும்மா பேசு, பிள்ளையைக் காட்டு, அவள் முகத்தைப் பார். எப்படி இருக்கிறாள் என்று உள்ளதை உள்ளபடி எனக்கு எழுது. நல்லாத்தான் இருக்கிறாள் என்று மழுப்பாதே, பொய்யை உன் அம்மாவிடம் சொல்ல எனக்கு வராது.

பேரனுக்கு என் முத்தம், மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். சித்தியைக் கூப்பிட மறந்துவிடாதே பாப்பா, இங்கே பகலாக இருக்கும்போது கூப்பிடு, வெளிச்சத்தில்தான் முகம் தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா