கடைசி பெஞ்சு சொல்லாத வரி

பாப்பா அப்பாவுக்கு,

வேற எப்படிக் கூப்பிட? இனிமே மாத்திக்க எனக்கு வாய் வராது.

நான் சாப்பிடுறேன். சர்ச் பெண்கள் முறை வச்சுக் கொண்டு வர்றாங்க. தையற்கார அக்கா மட்டும் நான் முழுங்குற வரைக்கும் வாசப்படியை விட்டு நகர மாட்டாங்க. எரிச்சலா வரும். அவங்க வராத அன்னைக்கு அதைவிட எரிச்சல்.

பாப்பா அடக்கம் முடிஞ்ச கையோட நீங்க கப்பல் வேலைக்குப் போயிட்டீங்க. அக்கா தொல்லை தாங்காம நான் சர்ச்சுக்குப் போனேன். எல்லாரும் ஜெபம் சொல்லும்போது, கடவுள் சித்தப்படியே நடக்கட்டும்னு வர்ற வரியை மட்டும் நான் சொல்லல. பாப்பாவைக் கொண்டுபோனதும் அந்தச் சித்தம்னுதானே சொன்னாங்க. நான் எந்த வாயால அதைச் சொல்லுவேன்?

அடுத்த வாரம் அக்கா என்னைக் கடைசி பெஞ்சுல உட்கார வச்சாங்க. அந்த வரி வந்ததும் பெஞ்சு முழுக்க வாயை மூடிக்கிச்சு. அடுத்த வரிக்கு எல்லாரும் மறுபடி சேர்ந்துக்கிட்டாங்க. அங்க இருக்கிற அத்தனை பேரும் பிள்ளையைப் பறிகொடுத்தவங்க. அக்காவும்தான். இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

"முன்னால இருக்கிறவங்க நமக்கும் சேர்த்துச் சொல்லிடுவாங்க. பாஸ்டருக்கும் தெரியும்"னாங்க அக்கா.

இனி சர்ச் படியை மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனீங்க. கோபத்தை விட்டுட்டு வரச் சொல்லல. அதோடவே வாங்க. வாராவாரம் அக்கா என் பக்கத்துல தன் பையை வச்சு இடம் பிடிக்கிறாங்க. யாராவது உட்கார வந்தா, "பாப்பா அப்பா வருவார்"னு சொல்லி அனுப்பிடுறாங்க.

பாப்பா அம்மா