ரூபனுக்கு ஒரு பதினான்கு அங்குல டிவி

ஜூன் 7, சனி

தூறல். விடவும் இல்லை, வலுக்கவும் இல்லை. ஆக்லாந்துக் குளிர்காலம் இப்படித்தான் ஆளைக் கொல்லும்.

சான்ட்ரிங்ஹாமில் இந்தக் கிழமை பழைய சாமான்களைத் தெருவில் வைக்கிற கிழமை. எல்லார் வாசலிலும் குவியல். மெத்தை, கால் உடைந்த நாற்காலி, குழந்தைத் தொட்டில், மீன் இல்லாத மீன் தொட்டி. குடையும் பிடித்துக்கொண்டு குவியல் குவியலாக டிவி தேடினேன். பின்பக்கம் வயிறு தள்ளிய பழைய குழாய் டிவி. நாலைந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் கரண்ட் வயர் வெட்டியாயிற்று. உள்ளே இருக்கும் செம்புக்காக யாரோ வந்து நறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒன்றைச் சரித்துப் பார்த்தேன், உள்ளே நின்ற மழைத்தண்ணீர் முழுக்க என் சப்பாத்துக்குள். மருந்துக்கடையில் வெள்ளை கோட் போட்டு நிற்கிறவள் தெருக்குப்பை கிளறுகிறாள். பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் போகட்டும்.

எல்லாம் தம்பிக்காக. ரூபன் கேட்பது பதினான்கு அங்குலம், கட்டில் பக்கத்து மேசையில் கொள்ளவேண்டும். முன்பக்கம் மஞ்சள் வயர், வெள்ளை வயர் குத்த இடம் வேண்டும். கண்ணாடி கொஞ்சம் வளைந்திருந்தால் நல்லதாம். ரிமோட் இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம். பெண் பார்க்கச் சொன்னபோதுகூட இவ்வளவு நிபந்தனை போடவில்லை, படுபாவி.

அவனிடம் ஒரு பழைய கேம் பெட்டி. விமானம் சுடுகிற ஆட்டம். வருடக்கணக்காக ஞாயிறு தவறாமல் ஆடுவான், தன் விமானம் ஒன்றையும் பறிகொடுக்காமல் கடைசிக் கட்டம்வரை முடிப்பான். அதற்கென்று இருந்த குழாய் டிவியைப் போன வருடம் அம்மா கொடுத்து அனுப்பிவிட்டார். ஒளிபரப்பு மாறியது, ஊரே தூக்கி எறிந்தது, நாங்களும் எறிந்தோம். இப்போது ஹாலில் இருக்கும் தட்டை டிவியில் ஆடுகிறான். முதல் கட்டத்திலேயே விழுந்து நொறுங்குகிறான்.

"டிவி லேட் அக்கா. நான் பட்டனை அமத்தினாப் பிறகு யோசிச்சுத்தான் அது அசையுது."

தட்டை டிவி படத்தை வாங்கி, துடைத்து மினுக்கிப் பிறகுதான் காட்டுமாம். குழாய் டிவி வந்ததை வந்தபடி காட்டுமாம். சரி, இருக்கலாம்.

புதன்கிழமை குசினியில் தேத்தண்ணிக் கோப்பையைக் கைதவற விட்டான். அதுவும் டிவியாலா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

வெயில் மாதிரி ஏதோ ஒன்று. உடுப்பு காயவில்லை.

காலை இடியப்பம், சொதி. வெளியே கிளம்பும்போது ரூபன் ஜாக்கெட் சிப்போடு மல்லுக்கட்டினான். அம்மா பேசாமல் வந்து இழுத்து மூடிவிட்டார். முப்பத்துநாலு வயது ஆம்பிளை, அவனும் பேசாமல் நின்றான். அதுதான் எனக்குப் பயம். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மவுண்ட் ஆல்பர்ட் கராஜில் பிரேக் வேலை செய்கிறவன். முதலாளி இப்போது "கொஞ்ச நாளைக்கு" என்று ஃபோன் எடுக்க இருத்தியிருக்கிறார். அவன் கையில் குறடு வழுக்குதாம்.

எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். அப்பாவுக்கும் வலது பெருவிரலில்தான் தொடங்கியது. முதலில் சட்டைப் பொத்தான். பிறகு பேனை. பிறகு சோற்றுக்கவளம். பிறகு பேச்சு. கடைசியில் மூச்சு. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்தது. ரூபன் அப்போது சின்னப்பிள்ளை, ஆனாலும் அந்தக் குழி அவனுக்கு ஞாபகம் இருக்கும். நரம்புத் தளர்ச்சி என்றார்கள் ஊரில். அதன் சரியான பெயர் மருந்துக்கடை வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் நரம்புச் சோதனைக்கு நாள் கிடைத்தது. இவனே ஃபோன் பண்ணித் தள்ளிப் போட்டுவிட்டான்.

"முதல்ல சரியான டிவி ஒண்டு வரட்டும். அதில ஆடிப் பாக்கிறன். அதிலயும் ஏலாட்டி வாறன்."

"டிவியே உனக்கு டொக்டர்?"

"அலட்டாதை அக்கா. தேடித் தா."

ஜூன் 12, வியாழன்

மழை. பஸ் நிரம்பி வழிந்து ஈர நாய் மணம்.

டிவி கிடைத்தது! கூட வேலை செய்யும் புஷ்பா தந்தாள். மலேசியா ஈப்போக்காரி, கை தாராளம். "எடுத்துக்கோ லா, கராஜ்ல சும்மாதானே கிடக்கு. அந்தக் காலத்துல இதுதான் டாப் மாடல்." டிவியின் நெற்றியில் 100 ஹெர்ட்ஸ் என்று ஒட்டியிருந்தது. வழக்கமான ஐம்பதைவிட நூறு நல்லதுதானே. இருபத்தெட்டு அங்குலம், அது வேறு. எங்கள் ஆட்களுக்குச் சின்னதாக ஒன்று கேட்டால் பெரியதாகக் கிடைப்பது அதிர்ஷ்டம். அவளும் நானும் அவள் புருஷனுமாக ஏற்றி இறக்கியதில் இடுப்பு போயிற்று.

ரூபன் அந்த நூறைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனாலும் செருகி ஆடினான். முதல் கட்டம். போச்சு. இன்னொருக்கா. போச்சு.

"இது உள்ளுக்கை படத்தைப் பிடிச்சு வச்சு, இரண்டு தரமாக் காட்டுறது அக்கா. குழாய்தான், ஆனா இதுவும் லேட்."

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பரீட்சை தள்ளிப்போன பிள்ளை மாதிரி. எனக்கு இடுப்பு வலி, ஆத்திரம். பிறகு அந்த முகத்தைப் பார்த்து ஆத்திரமும் போய்விட்டது. எனக்கும் உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அம்மா அதன்மேல் பின்னல் துணி விரித்துப் பூச்சாடி வைத்துவிட்டார்.

நாளை: பால், கறிவேப்பிலை, அம்மாவின் பிரஷர் குளிசை.

ஜூன் 14, சனி

பிளாட் புஷ்ஷில் செத்தவீடு. சிவநேசன் மாமா, சொந்தம் இல்லை, எங்கள் ஊர்க்காரர். புதன்கிழமை போய்விட்டார். இன்று எரித்தாயிற்று. ரூபன் வரவில்லை. வந்தால் ஆட்கள் கை கொடுப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். அம்மாதான் "வேலை எண்டு சொல்லு" என்றார். எங்கள் வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது.

எரித்துவிட்டு வந்து அவர்கள் வீட்டுக் கராஜில் சாப்பாடு. தட்டோடு நின்றவள் நிமிர்ந்தால், குளிர்ப்பெட்டி மேல் ஒரு டிவி. பதினான்கு அங்குலம். சின்னது, கறுப்பு, கண்ணாடி லேசான வளைவு. முன்பக்கம் மஞ்சள் ஓட்டை, வெள்ளை ஓட்டை. நூறும் இல்லை, ஒன்றும் இல்லை. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எக்கி எக்கிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் சரோ மாமி. அழுது வீங்கின முகம்.

"என்ன பிள்ளை தேடுறாய்?"

"இது வேலை செய்யுதோ மாமி?"

ஐயோ. ஆளை எரித்துவிட்டு வந்து நிற்கிற மனிசியிடம் கேட்கிற கேள்வியா இது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மாமி கோபிக்கவில்லை. "நல்லா வேலை செய்யுது. அவர் பிள்ளையளின்ர பழைய கசெட்டுகளை இதிலதான் போட்டுப் பாக்கிறவர். இனி ஆர் பாக்கப் போகினம்."

பக்கத்தில் நின்ற மகன், "இப்பவே கொண்டு போங்கோ அக்கா, நான் காரில ஏத்தி விடுறன்" என்று வயரைக்கூடக் கழற்றப் போனான்.

நான் சொன்னேன்: "வேண்டாம் தம்பி. துடக்கு வீடு. முப்பத்தொண்டு முடியட்டும்."

நான்! சாவு வீட்டுத் தீட்டு, முப்பத்தோராம் நாள் மட்டும் ஒன்றும் எடுக்காதே, ஒன்றும் கொடுக்காதே என்று அம்மா சொல்லும்போதெல்லாம் எகிறிச் சண்டை பிடித்தவள். மாமி தலையாட்டினார். வளர்ப்பு நல்ல வளர்ப்பு என்று நினைத்திருப்பார். செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாதே, சொல்லாமல் வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

ரூபனிடம் சொன்னேன். டிவியைப் பற்றி, முன்பக்க ஓட்டையைப் பற்றி, எல்லாம். விசரி, கையில தந்ததை விட்டிட்டு வந்து நிக்கிறாய் என்று கத்துவான் என எதிர்பார்த்தேன்.

கலண்டரைப் பார்த்தான். பிறகு, "ஓம். துடக்கு வீட்டுச் சாமான்தானே. முப்பத்தொண்டு முடியட்டும்."

வெள்ளிக்கிழமை மாட்டிறைச்சி பர்கர் தின்றுவிட்டுக் கோயிலுக்கு வருகிறவன்.

அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "இப்பவாவது இரண்டுக்கும் புத்தி வந்துதே." மதியம் பாயாசம் வைத்தார். மூன்று பேரும் குடித்தோம்.

ஜூன் 24, செவ்வாய்

குளிர். கண்ணாடியெல்லாம் வியர்வை.

ரூபன் சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறான். இடது கையால். அம்மா இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டிச் சமைக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிப் பார்த்தேன். அவர்தான் பேசவேண்டும், அக்கா பேசினால் நாள் தரமாட்டோம் என்றாள் ஒருத்தி, நல்ல தன்மையாகத்தான்.

வேலையிடத்துக் கழிவறையில் நின்று என் பெருவிரலை அமர்த்தி அமர்த்திப் பார்த்தேன். குழி இல்லை. அப்பாவின் இரத்தம் எனக்கும்தானே. தம்பி அங்கே, இவள் தன் விரலைப் பார்க்கிறாள். சீ.

ஜூலை 5, சனி

பேய்மழை.

மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயிலுக்கு நிற்க நேரம் இருந்தது, பழைய சாமான் கடைக்குள் ஒதுங்கினேன். இதுமாதிரிக் கடைகள் இப்போது குழாய் டிவி வாங்குவதே இல்லை. இங்கே ஒன்று இருந்தது. பதினான்கு அங்குலம். கடைக்காரக் கிழவி செருகியே காட்டினாள், பளிச்சென்று படம். எந்த வீட்டுத் துடக்கும் இல்லாத டிவி. இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தேன், தூக்க முடிந்தது.

"எடுத்துக்கொள் கண்ணே, இந்த விலைக்கு இனிக் கிடைக்காது" என்கிற மாதிரி ஏதோ சொன்னாள்.

வேண்டாம் என்று திரும்ப வைத்துவிட்டு வந்தேன். மழைக்குள் ரயிலையும் விட்டேன்.

பிளாட்ஃபாரத்தில் நின்று அழுதேன். குடைக்குள் யாருக்குத் தெரியப்போகிறது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? அந்த நோய்க்கு ஒரு மருந்து எங்கள் கடை அலமாரியில் இருக்கிறது. சுகப்படுத்தாது. கொஞ்ச மாதத்தைக் கூட்டித் தரும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச மாதத்தைத்தான் நான் துடக்கு, முப்பத்தொன்று என்று சொல்லித் தின்றுகொண்டிருக்கிறேன். தெரிந்துகொண்டே. வேறு யாருக்கும் தெரியாது என்றாலும் எனக்குத் தெரியுமே.

திரும்ப ஓடினேன். கிழவி பூட்டிவிட்டுப் போயிருந்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

மழை விட்டது. காற்று.

காலையில் கார்ச் சாவியை எடுத்தேன். பிளாட் புஷ் போகிறேன், டிவி எடுக்க.

"உனக்கென்ன விசரே? இன்னும் முப்பத்தொண்டு முடியேல்ல. வருத்தக்காரன் இருக்கிற வீட்டுக்கை துடக்குச் சாமானோ?"

வருத்தக்காரன் என்றார். இத்தனை நாளில் அந்தச் சொல்லை அம்மா சொன்னது இன்றுதான்.

"அம்மா, அப்பாவுக்கு வந்ததுதான் அவனுக்கும் வந்திருக்கு எண்டு நினைக்கிறன். நாள் பாத்துக்கொண்டு நிக்கேலாது."

அம்மா அரிவாள்மனையைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் திறந்தபடி ஓடியது.

"எனக்குத் தெரியும். அவனுக்குச் சிப் இழுத்து விட்டனே, அண்டைக்கே தெரியும். கொப்பருக்கு நான்தான் பொத்தான் பூட்டி விடுறனான்."

பிறகு, "போ. கெதியாப் போட்டு வா."

சரோ மாமியிடம் வாசலிலேயே எல்லாம் சொன்னேன். தம்பிக்குக் கை ஏலாமல் வருது, இந்த டிவி வேணும் மாமி, இப்ப வேணும். மாமி என் கன்னத்தில் அடிக்காத குறை. "அண்டைக்குச் சொல்லியிருந்தா அண்டைக்கே தந்திருப்பனே! துடக்கு செத்தவருக்கோ, இருக்கிறவைக்கோ?" அவரே ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டார்.

வீட்டு வாசலில் அம்மா மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு. டிவிக்குத் தெளிக்கப் போகிறார். "உள்ளுக்கை விடாதேங்கோ அம்மா, வெடிக்கும்!" என்று நான் கத்த, துணியில் நனைத்துப் பிழிந்து மேலும் பக்கமும் துடைத்தார். கண்ணாடியையும் துடைத்தார். பிள்ளைக்கு முகம் துடைக்கிற மாதிரி.

பி.ப. மூன்று மணிபோல. ரூபனின் மேசையில் வைத்தோம். கச்சிதமாகக் கொண்டது. வயர்களை அவன் குத்தப் பார்த்தான், ஏலவில்லை, நான் குத்தினேன். மஞ்சளுக்கு மஞ்சள், வெள்ளைக்கு வெள்ளை. க்ளிக் என்று ஒரு சத்தம், படம் வந்தது. எவ்வளவு வடிவான படம்.

ஆடினான். ஒரு விமானம் போயிற்று. இரண்டாவது. மூன்றாவது. திரும்பவும் முதலில் இருந்து. நான் திரையை விட்டுவிட்டு அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் அமர்ந்தவுடனே விமானம் பாய்ந்தது. ஒரு துளி தாமதம் இல்லை. விரல்தான் அமரவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அமர்த்த, அது மெல்ல யோசித்து யோசித்து வந்தது.

நாலைந்து தரம் ஆடியிருப்பான். பிறகு கையில் இருந்ததைப் போர்வைமேல் வைத்தான்.

"டிவி நல்ல டிவி அக்கா."

"ம்."

"அந்த ஆஸ்பத்திரி நம்பரை எடுத்து வை. நாளைக்குக் காலமை நான் கோல் எடுக்கிறன். நம்பரை மட்டும் நீ அமத்தித் தா."

அம்மா குசினியில் இருந்து கேட்டார்: "படம் தெரியுதோ, ரூபன்?"

"ஓமம்மா. வடிவாத் தெரியுது."