போகியில் எரித்த கூடு

ஜன. 11, ஞாயிறு

காலை ஆறு. பனி. எதிர் வீட்டு கேட் கூடத் தெரியவில்லை. பால் வாங்கப் போகக் குல்லாவை எடுத்தால் உச்சியில் குஞ்சம் இல்லை. பாதி எலிக் கூண்டுக்குள், மீதி தரையில். ஆணிக்கு நேர் கீழே கூண்டை வைத்தது செல்வி. கேட்டால், “ஆணியில மாட்டினது யாருங்க?” என்கிறாள். மனைவி என்றால் கேள்விக்குப் பதில் கேள்விதான்.

எலி என்றால் மகள் கயலுக்குக் கோபம் வரும். ஹாம்ஸ்டராம். பெயர் பட்டாணி. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். பகலெல்லாம் தூக்கம். நான் வேலை முடிந்து வந்து படுத்தால் அது சக்கரம் சுற்றும். கடகடகட.

கூண்டு பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு மூலையில் கிழிந்த பேப்பர், டிஷ்யூ, என் குஞ்சம், எல்லாம் ஒரே குவியல். அதற்கடியில் சூரியகாந்தி விதை, காய்ந்த கேரட். கம்பெனியில் எவனாவது மெஷின் பக்கத்தில் இப்படிக் குப்பை சேர்த்தால் மெமோ கொடுப்பேன். பன்னிரண்டு வருடமாக லைனில் ஃபைவ் எஸ், அதாவது ஒழுங்கு, சுத்தம், என் பொறுப்பு. வேண்டியது அதனதன் இடத்தில், வேண்டாதது வெளியே. இதில் என்ன கஷ்டம்?

போகி வேலைகள்:
1. பரண்
2. கிழிந்த பாய் இரண்டு
3. பாத்ரூம் பல்பு
4. செல்வியின் மூடியில்லாத டப்பாக்கள் (அவளைக் கேட்க வேண்டாம்)
5. ஒட்டடை
6. எலிக் கூண்டு, முழுசாகக் காலி

ஜன. 12, திங்கள்

பாகலூர் ரோட்டில் லாரி மறித்துப் பதினைந்து நிமிடம் லேட். லைனில் மறுபடியும் துளை இடம் மாறிய பீஸ்கள். காரணம் எழுதும் கட்டத்தில் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதி அனுப்பினேன். ஆபரேட்டர் முனிராஜ் வந்து நின்றார். “சார், பீஸைப் புடிக்கிற கிளாம்ப் ஆடுதுன்னு போன வாரமே சொன்னேனே சார்.” சொன்னார்தான். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? போய் வேலையைப் பாருங்கள் என்றேன்.

சாயங்காலம் கயல் போன். கூண்டு கழுவப் போவதைச் செல்வி சொல்லியிருக்கிறாள்.

“அப்பா, அது கட்டின கூட்ட மட்டும் கலைக்காதப்பா. அதோட வாசம் இருக்கற எடத்துலதான் அதுக்குத் தூக்கம் வரும்.”

“நாத்தம்மா.”

“அது ஒரே மூலையிலதான் ஒண்ணுக்குப் போகும். அந்த மூலைய மட்டும் எடு, போதும். தூங்கற எடம் சுத்தமாத்தான் இருக்கும், நீயே பாரு.”

எலிக்கு வக்காலத்து. அரியர் பற்றிக் கேட்டால் மட்டும் சிக்னல் போய்விடும். சரி சரி என்று வைத்துவிட்டேன்.

ஜன. 13, செவ்வாய்

கரும்பு, மஞ்சள் கொத்து வாங்கியாயிற்று. கயலுக்கு நாளை வரை பிராக்டிகல். ராத்திரி பஸ் ஏறி பொங்கல் அன்று காலைதான் வருவாள். காலேஜ்காரனுக்குப் பண்டிகை கிடையாது போல.

ஜன. 14, புதன். போகி

காலை ஐந்தரை மணி. தெருவில் எது புகை எது பனி என்று தெரியவில்லை. பட்டியலில் ஒன்று முதல் ஐந்து வரை முடிந்தது. டப்பா விஷயத்தில் சண்டை. ஆறு: எலியை ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, கூண்டுத் தட்டை உருவி, கூட்டை அப்படியே நெருப்பில் தட்டினேன். ஒரு நொடியில் பற்றிப் போனது.

“என்னங்க, புள்ள வேணாம்னு சொல்லுச்சே.” செல்வி கையில் போன். போகி நெருப்பை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறாளாம். நீ உன் வேலையைப் பார் என்றேன்.

பினாயில் போட்டுக் கழுவினேன். சுருக்கமில்லாமல் ஒரு பேப்பர் ஷீட். கிண்ணம் இடது, தண்ணீர் வலது. போட்டோ எடுத்துக் கம்பெனி போர்டில் ஒட்டலாம். எலி மட்டும் மூலைக்கு மூலை ஓடுகிறது. கூடு இருந்த மூலையைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. பழகிவிடும். பினாயில் வாசம் போக ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

ஜன. 15, வியாழன். பொங்கல்

வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குப் பார்த்தால் எலி வெறும் தரையில் சுருண்டு கிடந்தது. தொட்டால் ஜில்லென்று. ஆட்டினேன், அசையவில்லை. ஜன்னல் ராத்திரி முழுக்கத் திறந்தே இருந்திருக்கிறது.

செல்வி பானைக்கு மஞ்சள் கொத்து கட்டிக்கொண்டிருந்தாள். “பானை வைக்கிற நேரத்துல இப்படி ஆயிப்போச்சே. கயலு வந்தா என்னங்க சொல்றது?” நான் மண்வெட்டி எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டினேன். கயல் வருவதற்குள் மூடிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. சீ.

பாதிக் குழியில் போன். பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டாளாம். “பட்டாணி எப்படிப்பா இருக்கு?”

வாயில் தானாக வந்தது. “செத்துப்போச்சும்மா. நான் வேணாம்னுதான் சொன்னேன். உங்கம்மாதான் போகின்னு கூட்டத் தூக்கி எரிச்சிட்டா.”

செல்வி இரண்டடி தள்ளித்தான் நின்றாள். என்னைப் பார்த்தாள்.

கயல் போனில், “பொதைக்காத. ரொம்பக் குளிரா இருந்தா அது செத்த மாதிரி தூங்கும்பா. மூச்சு இருக்கறதே தெரியாது. உடம்போட வெச்சு மெதுவா சூடு பண்ணு. ஆட்டோ புடிச்சு வரேன்.”

குஞ்சம் போன குல்லாவில் எலியைப் போட்டு, அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் பொங்கல் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ரத்னம்மா தட்டோடு வந்தார். சங்கராந்திக்குக் கன்னடக்காரர்கள் எள்ளும் வெல்லமும் கொடுப்பார்கள். “எள்ளு பெல்லா திந்து ஒள்ளே மாத்தாடி சார்.” எள்ளு வெல்லம் தின்று நல்ல பேச்சாகப் பேசுங்கள். ஆளைப் பார்த்துத்தான் சொன்னாரோ என்னவோ. தின்றேன்.

பானை பொங்கியது. “பொங்கலோ பொங்கல்” என்று செல்வி தனியாகச் சொன்னாள். அப்போதுதான் சட்டைக்குள் என்னவோ அசைந்தது. மீசை. பிறகு ஒரு கால். பிறகு என் நெஞ்சில் நறுக்கென்று ஒரு கடி. ரத்தம். அழுகை வந்துவிட்டது எனக்கு.

கயல் ஆட்டோவில் இருந்து இறங்கி எலியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜன. 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

கயல் பேசவில்லை. அம்மா மேல் கோபம் என்றால் அம்மாவிடம்தானே காட்ட வேண்டும்? அவர்கள் இரண்டு பேரும் சமையலறையில் குசுகுசு. நான் போனால் நிறுத்திவிடுகிறார்கள். செல்வி வழக்கம்போல் தட்டு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள். ஒரு வார்த்தை திட்டினால் நானும் பதிலுக்குக் கத்தலாம். அதற்கும் வழியில்லை.

கயல் டிஷ்யூ கிழித்துப் போட்டாள். பட்டாணி ஒவ்வொன்றாகக் கவ்வி அதே மூலைக்குக் கொண்டு போகிறது. ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். தூங்க ஒரு மூலை. விதைக்கு அதற்கடியில் ஒரு குழி. மூத்திரத்துக்கு எதிர் மூலை. ஒன்றோடு ஒன்று கலக்கவே இல்லை. பன்னிரண்டு வருடம் லைனில் நான் தொண்டை கிழியக் கத்தியது இதைத்தான். இதையேதான் நெருப்பிலும் தட்டினேன். ஊருக்குத்தான் உபதேசம்.

முனிராஜ் முகம் வேறு ஞாபகம் வந்து தொலைக்கிறது. அவர் சொன்ன கிளாம்ப். நான் எழுதிய காரணம். வீட்டிலும் அதே கை, அதே எழுத்து. பளாரென்று என்னையே ஒன்று அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

ஜன. 17, சனி

நல்ல வெயில். நாளை கயல் கிளம்புகிறாள். கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன்.

“கூட்ட எரிச்சது உங்கம்மா இல்ல. நான்தான்.”

அவள் திரும்பவில்லை. “தெரியும்பா. போகி அன்னிக்கே அம்மா ஸ்டேட்டஸ் வெச்சிருந்துச்சு. அதுல கூண்டுத் தட்டத் தட்டிட்டிருந்தது நீதான்.”

“அப்புறம் ஏன் போன்லயே கேக்கல?”

“அப்ப பட்டாணிதான் முக்கியம். வந்ததும் கேக்கலாம்னுதான் இருந்தேன். அம்மாதான், அப்பாவே சொல்லுவாரு, இருன்னுச்சு.”

செல்வி மாடியில் துணி காயப்போடுகிறாள். அவளிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகிறேன்.