கட்டிலில் எனக்கும் ஓரிடம்

ஜனவரி 14, ஞாயிறு
முதுகு வில்லாக வளைந்துவிட்டது. குழந்தை பிறந்த இந்த ஐந்து மாதமாக முன்னறை வலை ஊஞ்சலில்தான் என் வாசம். கட்டில் முழுக்க என் மனைவி யுரானிஸும் மகள் நாயிபேயும். நாயிபே என்னவோ முழங்கை நீளம்தான். ஆனால் குறுக்கே படுத்தால் மொத்தக் கட்டிலும் அவளுக்கே பட்டா.

"நானும் ஒரு ஓரமா படுத்துக்கறேனே" என்று இன்றும் கேட்டுப் பார்த்தேன். யுரானிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ ஒரு தடவை புரண்டா போதும், டாகோ. பிள்ளை சோள அடை ஆயிடுவா."

ஜனவரி 16
யுரானிஸுக்குக் கிளினிக்கில் இரவு வேலை போட்டுவிட்டார்கள். கூட வேலை பார்க்கும் நர்ஸுக்குக் கால் முறிந்துவிட்டதாம். அவள் திரும்பி வரும்வரைக்கும்.

"பாப்பாவை அக்கா வீட்டுல விட்டுடட்டுமா?" என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

சுருக்கென்றது. "ஏன், அவளுக்கு அப்பன் இல்லையா?"

வாய் சொல்லிவிட்டது. இதுவரை ஒரு ராத்திரிகூட அவளைத் தனியாகப் பார்த்துக்கொண்டதில்லை.

ஜனவரி 20
யுரானிஸின் அக்கா காந்தெலாரியா, நானும் குழந்தையும் படுக்கப்போகும் இடத்தைப் பரிசோதிக்க வந்தாள். மெத்தையைத் தரையில் போடச் சொன்னாள். குழந்தைக்கு மூச்சு முட்டுமென்று தலையணை, போர்வை எல்லாம் வெளியே போயின.

"ஒரு பீர் குடிச்சிருந்தாலும் அவ பக்கத்துல படுக்கக் கூடாது மாப்ள. கார்னிவல் திருவிழா வேற வருது."

"நான் என்ன குடிகாரனா?"

"இல்ல. இந்த பர்ராங்கியா ஊர்க்காரன். அது போதாதா?"

ஜனவரி 23
குழந்தையோடு தனியாக முதல் ராத்திரி. எழுதும்படி இல்லை. யுரானிஸ் எடுத்து வைத்துவிட்டுப் போன தாய்ப்பாலைப் புட்டியில் கொடுத்தேன், துப்பினாள். பாடினேன், இன்னும் பலமாக அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். என் பாட்டுக்கா அவள் அழுகைக்கா, தெரியவில்லை.

ஜனவரி 24
அதே.

ஜனவரி 26, வெள்ளி
இன்று என் சவரக் கடையில் நின்றபடியே கண்ணசந்துவிட்டேன். பெரியவர் எபேலியோவின் மீசையில் பாதி போய்விட்டது.

"என் கல்யாணத்துல இருந்து இருக்கிற மீசைடா, பாவி!"

மறுபாதியையும் எடுப்பதைத் தவிர வழியில்லை. கத்தி கழுத்தருகே போகும்போது தூங்கியிருந்தால்? மத்தியானமே கடையைச் சாத்திவிட்டேன்.

ஜனவரி 29
யுரானிஸின் இரவு உடையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு படுத்துப் பார்த்தேன். வாசனையில் ஏமாறுவாள் என்று நினைப்பு. முகர்ந்தாள். நிமிர்ந்து என் தாடியைப் பார்த்தாள். மோசடி என்று புரிந்ததும் வீடே இடிகிற மாதிரி ஒரு கத்தல்.

என்னம்மா செய்யணும் நான்? சொல்லேன். உன் அப்பன்தானே நான்? என்னை ஏன் உனக்குப் பிடிக்கல? – கேட்டேவிட்டேன். அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 31
நடந்துவிட்டது!! கடையிலிருந்து கொண்டுவந்த பையில் இன்னும் சோப்பே காணாத புது சவரப் பிரஷ் ஒன்று இருந்தது. வேறெதுவும் தோன்றாமல் அதை எடுத்து அவள் புருவத்தில் மெல்ல இழுத்தேன். அழுகை பாதியில் நின்றது. நெற்றி, மூக்கு, மறுபடி புருவம். கடையில் பெரிய மனிதர்களே இதில் கிறங்கிப்போவார்களே, எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? கண் சொருகியது. பாலும் குடித்தாள். தூங்கினாள். நான்தான் சந்தோஷத்தில் தூங்கவில்லை.

பிப்ரவரி 4
மின்சாரம் போய்விட்டது. அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தேன். அவள் விரலை அசைத்தாலே விழித்துக்கொள்கிறேன். இடி விழுந்தாலும் எழாத நானா இது!

பிப்ரவரி 10, கார்னிவல் சனி
தெருவெல்லாம் மேளம். நண்பர்கள் ஐஸ் பெட்டியோடு வாசலில் நின்றார்கள். "யார்டா பிள்ளை பெத்தது? யுரானிஸா, நீயா?" ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். பீருக்குப் பதில் புளிச்சாறு குடித்தேன். ஆடினேன். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். முகமெல்லாம் திருவிழா வழக்கப்படி அவர்கள் பூசிய சோளமாவு. நாயிபே என்னைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தாள். இவ்வளவு நல்ல கார்னிவல் எனக்கு வாய்த்ததில்லை.

பிப்ரவரி 19
கால் முறிந்த நர்ஸ் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இனி யுரானிஸ் ராத்திரி வீட்டில். ஆளுக்கொரு பக்கம், நடுவில் குழந்தை. நானும்! மெத்தையில்! அனுமதியோடு!

ஆனால் விளக்கை அணைத்ததும் நாயிபே உருண்டு என் பக்கம் வந்தாள். யுரானிஸ் எடுத்து அணைத்தாள். குழந்தை திமிறி, என்னைப் பார்த்துக் கை நீட்டி அழுதாள். பிரஷை எடுத்தேன். நொடியில் தூங்கிவிட்டாள். பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

யுரானிஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னை மறந்துட்டா, டாகோ."

பிப்ரவரி 20
பிரஷை யுரானிஸ் கையில் கொடுத்து, இப்படி இழு என்று காட்டினேன். முட்டாள் நான்.

"என் பிள்ளையைத் தூங்க வைக்க நீ எனக்குச் சொல்லித் தரணுமா?"

எழுந்து போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். அவள் இரவெல்லாம் அடுத்தவர்கள் கட்டிலருகே நின்றது நமக்காக. அதற்குக் கிடைத்தது இதுவா?

பிப்ரவரி 22, வியாழன்
நேற்று இரவு அவர்களுக்கு முன்பே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். நாயிபே முதுகில் உதைத்தாள். காதைப் பிடித்து இழுத்தாள். கழுத்தெல்லாம் எச்சில். நான் அசையவில்லை. அழுதாள் – அதுதான் கஷ்டம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். யுரானிஸ் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினாள். பிறகு பாடினாள். விசும்பல் விட்டுவிட்டு வந்து, கடைசியில் பால் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

அப்புறம் குழந்தையைத் தாண்டி ஒரு கை வந்து என் தோளில் படிந்தது.

"போதும், நடிச்சது. இந்தப் பக்கம் திரும்பிப் படு."