நீ மொழிபெயர்த்தது போதும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்பது முறை, கேட்டாயிற்று. இனி எழுதப்போவது எல்லாம் சண்டைதான், உட்கார்ந்து படி. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, கடையில் முந்நூறு சீருடைக்குத் துணி வெட்டாமல் கிடக்கிறது, பட்டன் வைக்கிற பெண் ஒரு வாரமாக வரவில்லை. அத்தனையையும் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன் என்றால் என் வயிறு எப்படி எரிகிறது என்று நீயே பார்த்துக்கொள்.

போன வாரம் உன் பெண்டாட்டியிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. உனக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறாள். தன் பாஷையில் எழுதி, போனைக் கொண்டு தமிழாக்கி, அச்செடுத்துத் தபாலில் போட்டிருக்கிறாள். அந்தத் தமிழைப் படிப்பது கல் பொறுக்காத அரிசிச் சோறு தின்பது மாதிரி இருந்தது, ஆனால் விஷயம் ஒன்றுகூடத் தப்பவில்லை. முழங்கால் வலியால் என்னால் விமானம் ஏற முடியாதாமே? யாரடா சொன்னது? காலையிலிருந்து சாயங்காலம் வரை தையல் மிஷின் மிதிக்கிற கால் இது. என்னிடம் நீ என்ன சொன்னாய்? "அவங்க ஊர்ல பிரசவத்துக்கு மாமியார் எல்லாம் வரமாட்டாங்கம்மா, ஆஸ்பத்திரியிலயே எல்லாம் பாத்துப்பாங்க, அவளுக்கும் தனியா இருந்தாதான் பிடிக்கும்" என்றாய். அவர்கள் வழக்கம் அப்படிப் போலிருக்கிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டு, தைத்து வைத்த குழந்தைச் சட்டைகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அவள் எழுதுகிறாள், முழங்கால்தான் காரணம் என்றால் சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்கிறேன், என்னைப் பிடிக்காததுதான் காரணம் என்றால் நேராகச் சொல்லுங்கள் தாங்கிக்கொள்வேன், எனக்கு அம்மா இல்லை, நீங்கள் வர வேண்டும் என்று. துணி வெட்டுகிற மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். அழுகை நின்றுவிட்டது, உன்மேல் வந்த கோபம் இன்னும் நிற்கவில்லை.

போன வருஷம் இருபது நாள் இங்கே வந்து இருந்தீர்களே, அந்த இருபது நாளும் எனக்கும் அவளுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னென்ன அளந்தாய் என்று இப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. சாப்பிட்டு எழுந்ததும் தினமும் அவள் ஏதோ கேட்பாள், நீ என்னிடம் திரும்பி "களைப்பா இருக்காம்மா, படுத்துக்கறாளாம்" என்பாய். நான் பாத்திரம் கழுவட்டுமா என்றுதான் அவள் கேட்டாளாம். அம்மாவின் சமையலறையில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று நீ அவளிடம் சொன்னாயாம். தட்டைக்கூட நகர்த்தாத மகாராணி என்று பக்கத்து வீட்டு டீச்சரிடம் நான் புலம்பியிருக்கிறேன், இப்போது எந்த முகத்தோடு போய்த் திருத்திச் சொல்வது? நீ பல் பிடுங்கப் போன அந்த ஒரு நாள்தான் நாங்கள் நன்றாக இருந்தோம். மூன்று மணி நேரம் நடுவில் ஆள் இல்லை. கையைத் தூக்கு என்று நான் கையைத் தூக்கிக் காட்ட, அவள் தூக்க, கவுனுக்கு அளவு எடுத்தேன். மிஷினில் உட்காரட்டுமா என்று கண்ணாலேயே கேட்டு உட்கார்ந்து, பாம்பு போகிற மாதிரி ஒரு தையல் போட்டாள், நான் கையில் ஒரு தட்டுத் தட்டினேன், இரண்டு பேரும் சிரித்து ஓய அரைமணி ஆயிற்று. மறுநாள் கவுனைப் போட்டுப் பார்த்துவிட்டு அவள் சொன்னதை நீ என்னிடம் எப்படிச் சொன்னாய்? "பிரமாதமா இருக்காம்மா." கை நன்றாக இருக்கிறது, தோள் இறுக்குகிறது என்றுதான் அவள் சொன்னாளாம். அவள் அதை ஒருநாளும் போடவில்லையே என்று நான் புழுங்க, சொல்லியும் மாமியார் சரிசெய்யவில்லையே என்று அவள் அங்கே புழுங்கியிருக்கிறாள். தோள் இறுக்குகிறது என்றால் எனக்குக் கோபம் வருமா? முப்பது வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டுப் பிரித்துத் தைத்துத்தானே உன்னைப் படிக்க வைத்தேன்.

அவள் போக்குவரத்துத் துறையில் அதிகாரி என்றாயே, அதுவும் புளுகு. கடிதத்தோடு ஒரு படம் வைத்திருக்கிறாள், ஆள் உயரச் சக்கரம் வைத்த பஸ்ஸில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரிக்கிறாள். பஸ் ஓட்டுகிற மருமகளைச் சொல்ல உனக்கு என்ன வெட்கம்? தெரு முழுக்கப் படத்தைக் காட்டிவிட்டு வந்தேன். அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "ரிப்போர்ட் கார்டு படிச்சுக் காட்டுவானே, அதே வேலைதான்" என்றார். வகுப்பில் ஓயாமல் பேசுகிறான் என்று வாத்தியார் இங்கிலீஷில் எழுதியதை, நல்லாப் பேசறேனாம் என்று எங்களுக்குப் படித்தவன் நீ. அவர்கள் பட்டென்று பேசுகிற ஜனம், நாம் நாலு தெரு சுற்றிப் பேசுகிறவர்கள், இரண்டும் முட்டிக்கொள்ளும் என்று நீ பயந்தாய், அது புரிகிறது. முட்டிக்கொண்டால் என்ன? அப்பாவும் நானும் ஒரே பாஷையில் முட்டிக்கொள்ளாத நாளா? புரியாவிட்டால் அவள் திரும்பக் கேட்பாள், நான் திரும்பச் சொல்வேன். நீ இனிப்புத் தடவித் தடவி, அவள் ஒருத்தி, நான் ஒருத்தி என்று இரண்டு பேரையும் தனித்தனியாக உட்கார்த்திவிட்டாய். என்மேலும் தப்பு இருக்கிறது. வாயும் கையும் இருந்தும் அவளிடம் நேராக ஒரு வார்த்தை கேட்காமல், நீ சொன்னதே வேதம் என்று இருந்துவிட்டேன்.

நேற்றே அவளுக்குப் பதில் போட்டுவிட்டேன். என்ன எழுதினேன் என்று உன்னிடம் சொல்வதாக இல்லை, வேண்டுமானால் அவளைக் கேள், அவள் உனக்கு மொழிபெயர்ப்பாள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. பிரசவத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் சீருடைகளை முடித்துவிட்டு வந்து இறங்குவேன். அழைத்துப் போக அவள் வரட்டும், வயிற்றைத் தள்ளிக்கொண்டு வர முடியாதென்றால் நீ வா, ஆனால் வழியில் எனக்கு எதையும் விளக்காதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, அவளைக் கனமானது எதையும் தூக்க விடாதே. இரண்டு பேரும், வரப்போகிற உயிரும் நன்றாக இருக்க வேண்டும், திட்டினாலும் என் ஆசீர்வாதம் குறையாது. ஒரு ஞாபகம். அந்தக் கவுனை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று அவளிடம் சொல். தோளிலும் இடுப்பிலும் உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டுத்தான் தைத்திருக்கிறேன், வந்து பிரித்து அவள் அளவுக்கே தைத்துத் தருகிறேன். இதையாவது கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்.

உன் அம்மா