சாட்சிக்கு ஒராள்

இன்று காலை புளியந்தீவில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில், ஒரு பிஸ்கட் பக்கெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். திகதி அச்சடித்த இடம் மங்கியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், விரலால் தேய்த்துப் பார்த்தேன், பிறகு மூக்கருகே கொண்டுபோய் மணந்தும் பார்த்தேன். கடைக்கார நானாவை உங்களுக்குத் தெரியும், ஏறாவூர்க்காரர். அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அந்தம்மா போயும் எனக்கு விடுதலை இல்ல போல."

எனக்கும் சிரிப்பு வந்தது. வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான் உறைத்தது, அக்கா. மூடிய பக்கெற்றை மணந்து பார்க்கிற ஆள் இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். அந்தப் பழக்கம் எப்போது என் கைக்கு வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

கல்லடியில் நம் ஒழுங்கையின் கடைசி வீடு உங்களுடையது. பாடசாலை அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்று, தனியாக இருந்தீர்கள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டீர்கள். பேருந்தில் ஏறும்போது சாரதியின் கண்களைப் பார்த்து, அவர் குடித்திருக்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் இருக்கையைத் தேடுவீர்கள். மருந்துக்கடை வரிசையில் யாராவது அவசரம் என்று முன்னே போகக் கேட்டால், என்ன நோய், யாருக்கு, எப்போது தொடங்கியது என்று விசாரித்துவிட்டுத்தான் விடுவீர்கள். ஆனால் விடுவீர்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால், அவர்களுக்கும் நின்று பதில் சொல்லுவீர்கள்.

என்னைப் பிடித்ததும் சந்தேகத்தில்தான். ஒரு சட்டையைச் சிறிதாக்கித் தரச்சொல்லி என் தையல் மெசினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தீர்கள். சனிக்கிழமைகளில் எனக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். பெரியாஸ்பத்திரியில் பார்க்க ஆளில்லாமல் கிடக்கிறவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோவதாகவும், உடுப்புத் தோய்த்துக் கொடுப்பதாகவும், கூட ஒருவர் வேண்டும் என்றும் சொன்னீர்கள். உதவிக்கா என்றேன்.

"இல்ல புள்ள. தனியப் போனா ஆரும் என்னத்தையும் சொல்லலாம். சாட்சிக்கு ஒராள் வேணும்."

அப்படித்தான் நான் வந்தேன். உங்கள் நல்ல மனதைப் பார்த்து வந்தவள் இல்லை. வீட்டுக்காரர் கட்டாரில், பிள்ளை பள்ளி விடுதியில், சனிக்கிழமை எனக்கு நீளமாக இருந்தது.

ஆஸ்பத்திரியின் நோயாளர் விடுதியில் நீங்கள் நடந்துகொண்ட விதம் எனக்கு முதலில் புரியவில்லை. நகம் வெட்டுவீர்கள், தலை வாரிவிடுவீர்கள், வாய் கோணிப்போனவருக்குக் கரண்டி கரண்டியாக, அவர் விழுங்கும்வரை காத்திருந்து, கஞ்சி கொடுப்பீர்கள். அவர்கள் சொல்லும் கதைகளில் பாதியை நம்பமாட்டீர்கள். கஞ்சியை வாங்க மறுப்பவர்கள்மீது உங்களுக்கு ஒருபோதும் கோபம் வந்ததில்லை. தெரியாத ஆள் தரும் சாப்பாட்டை ஏன் வாங்க வேண்டும் என்று நீங்களே அவர்கள் பக்கம் நின்று பேசுவீர்கள்.

அந்தப் பெரியவர் வந்தது மாசி மாதத்தில். செங்கலடிப் பக்கம் சைக்கிளில் இருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தவரை யாரோ ஏற்றி அனுப்பியிருந்தார்கள். குடும்பம் முழுவதையும் சுனாமி கொண்டுபோனது என்றார். விடுதியே உருகிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பழம் கொடுத்தார்கள். எனக்கும் கண் கலங்கியது. நீங்கள் மட்டும் அவர் காலடியில் இருந்து, பஞ்சை நனைத்துப் பாதத்தைத் துடைத்துக்கொண்டே, வீடு எங்கே இருந்தது என்று கேட்டீர்கள். வாகரை என்றார். அடுத்த சனிக்கிழமை அதே கேள்விக்குக் கல்குடா என்றார். நீங்கள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. வரும் வழியில்தான், ஆள் பொய் சொல்கிறார் என்றீர்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. தெரிந்துகொண்டே எதற்காக அவருக்கு மீன்குழம்பு காய்ச்சிக் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டேன்.

"பொய் சொல்றவருக்குப் பசிக்காதா புள்ள?" என்றீர்கள்.

சில கிழமைகள் கழித்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். விடுதி வாசலிலேயே நின்றாள். இவர் என் தகப்பன், கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று தாதியிடம் சொன்னாள். அவளுடைய ஊர்க்காரர் ஒருவர் இங்கே படுத்திருந்து போனவராம், அவர் அடையாளம் கண்டு சொல்லியிருக்கிறார். பெரியவர் அவளைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இவளைத் தனக்குத் தெரியாது என்றார். வயதானவர், நினைவு தடுமாறுகிறது, எப்படியோ ஒரு சொந்தம் கிடைத்ததே என்று எல்லோருக்கும் நிம்மதி. உங்களுக்கு மட்டும் இல்லை. அவள் அழவில்லை, கட்டிலருகே வரவில்லை, ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிடவில்லை என்று என் காதில் சொன்னீர்கள். வயதானவர்களைக் கூட்டிப்போய்க் கோயில் வாசலில் இருத்திப் பிச்சை எடுக்கவைக்கிற ஆட்களைப் பற்றியும் சொன்னீர்கள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாகிவிட்டது.

அவளை வெளியே மரநிழலுக்குக் கூட்டிப்போனீர்கள். தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தீர்கள். பிறகு மெதுவாக, அவர் உடம்பில் ஏதாவது அடையாளம் சொல்லு பார்ப்போம் என்றீர்கள்.

அவள் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துக் கோப்பையை உங்களிடம் நீட்டினாள். "அவர்ட உடம்புல என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியா. அவர் போகக்குள்ள நான் சின்னப்புள்ள. எங்கட அம்மாட கையில இருக்கிறத வந்து பாருங்க."

மறுநாளே போனோம். வலையிறவுப் பாலம் தாண்டி, வாவிக்கு அக்கரை, படுவான்கரையில், பேருந்து போகாத தூரத்தை நடந்தே கடந்தோம். வயல் வட்டையில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. தகரக் கூரை வீடு. முற்றத்தில் ஓர் அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே கோணலாக, பொருந்தாத மூட்டுப் போல, வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அந்தக் கையாலேயே புடைத்தார். யார் செய்தது என்று நீங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பின்பக்கத்தில் கூரையை நீட்டி ஒரு சாய்ப்பு இறக்கி, கட்டில் போட்டிருந்தார்கள். அவர் அங்கே இருக்கட்டும், தன்னோடு மட்டும் பேசக்கூடாது என்றார் அந்த அம்மா.

அதோடு நீங்கள் திரும்பியிருக்கலாம். உங்கள் சந்தேகம் இடம் மாறியது. மகளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு நேராகவே கேட்டீர்கள், பழி தீர்க்கவா கொண்டுவருகிறாய் என்று. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவள் கோபப்படவில்லை. "சோறு குடுப்பன். வேற என்ன செய்வன் எண்டு எனக்கே தெரியா. றோட்டுல கிடந்து செத்தா ஊர் என்னைத்தான் கேக்கும். அதுக்காக மட்டும் இல்ல. வேற எதுக்கெண்டும் சொல்லத் தெரியா."

திரும்பி வரும் பேருந்தில் நீங்கள் வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். அவளை நம்புகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். பிறகு, நான் கேட்காமலே, உங்கள் தம்பியைப் பற்றிச் சொன்னீர்கள். யுத்த காலத்தில் அவரைக் கூட்டிப்போக வந்தவர்களில் ஒருவன் மிகவும் மரியாதையாகப் பேசினானாம். உங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தானாம். சின்ன விசாரணை, பின்னேரம் கொண்டுவந்து விடுகிறோம் என்றானாம். நீங்கள் அவனுக்கு இன்னொரு கோப்பை வேண்டுமா என்று கேட்டீர்களாம்.

"அதிலிருந்து புள்ள, ஆராவது நல்லது செய்ய வந்தா நான் பின்னால போய்ப் பாப்பன். நான் நல்லது செய்யப் போனாலும் என்னை ஆராவது பாக்கட்டும்."

தம்பி பிறகு திரும்பி வரவேயில்லை.

அடுத்த சனிக்கிழமை பெரியவரிடம் போய், நாங்கள் பார்த்ததைச் சொன்னீர்கள். வீட்டைச் சொன்னீர்கள், சாய்ப்பைச் சொன்னீர்கள். அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். போர்வையை இழுத்துவிட்டு நீங்கள் எழும்பியபோதுதான் வாய் திறந்தார்.

"அவட கை இன்னும் நேராகல்லையா?"

நான் வெளியே போய்விட்டேன். நீங்கள் போகவில்லை. அவருக்கு ஆறுதலும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அங்கே போனால் தன்னை அடிப்பார்கள் என்று அவர் பயந்ததாகவும், அடிக்க விடமாட்டேன், மாதாமாதம் வந்து பார்ப்பேன் என்று நீங்கள் சொன்னதாகவும் பிறகு சொன்னீர்கள். அவர் அந்த வீட்டில் குரலை உயர்த்தினாலும் உங்களுக்குத் தெரியவரும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருந்தீர்கள்.

மகள் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நீங்களும் சொன்னபடி மாதாமாதம் போனீர்கள். மழையிலும் போனோம், வெள்ளத்தில் பாதை மூடியிருந்தபோது உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியும் போனோம். போனதும் அவருடைய சட்டையைத் தூக்கி முதுகில் படுக்கைப்புண் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். சாப்பிட்ட கோப்பையைப் பார்ப்பீர்கள், குடிதண்ணீரை மோந்து பார்ப்பீர்கள். பிறகு முன்பக்கம் வந்து, அந்த அம்மாவோடு உளுந்து விலை பேசுகிற சாட்டில், அவர் ஏதாவது தொல்லை கொடுக்கிறாரா என்று விசாரிப்பீர்கள். மகளுக்கு அது பிடிக்கவில்லை. முதல் மாதங்களில் எங்களுக்கு இருக்கக் கதிரையும் தரமாட்டாள். நான்தான் முகம் சுருங்கிப்போவேன். நீங்கள் மரக்குற்றியில் இருந்து, அவள் வேலை முடித்து வரும்வரை காத்திருப்பீர்கள். அவளுக்கு மாத்திரை வாங்கவோ, பிள்ளையின் சப்பாத்தை மாற்றவோ பட்டணத்தில் அலுவல் இருந்தால், கேட்டு வாங்கிக்கொண்டு வந்து செய்வீர்கள். செய்துவிட்டு அடுத்த மாதமும் முதுகைப் பார்ப்பீர்கள்.

ஒரு தடவை நாங்கள் இருக்கும்போது அந்த அம்மா உள்ளே இருந்து மகளைக் கூப்பிட்டு, அந்த ஆளுக்குக் கறி போதுமா என்று கேட்கச் சொன்னார். வழியில் நான் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். நாம் இருந்ததற்காகச் சொல்லியிருப்பார் என்றீர்கள். ஆனால் அன்று முழுக்க உங்கள் முகம் தெளிவாக இருந்தது.

உங்களுக்கு வருத்தம் வந்து படுக்கையில் கிடந்தபோது என்னையும் விடவில்லை. நான் வாங்கிவந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். ஒரு பின்னேரம், உங்களுக்குக் கால் நீவிக்கொண்டிருந்தபோது, நான் ஏன் இவ்வளவும் செய்கிறேன் என்று கேட்டீர்கள். அதே பார்வை, பெரியவரையும் மகளையும் பார்த்த பார்வை. தெரியாது அக்கா என்றேன். நீங்கள் மற்றக் காலையும் நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். தெரியும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டீர்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

உங்கள் செத்தவீட்டுக்கு அந்த மகள் வந்தாள். தூரத்தில் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

போன மாதம் முதன்முறையாகத் தனியாகப் படுவான்கரைக்குப் போனேன். என்ன உரிமையில் போகிறேன் என்று வழிமுழுக்க யோசனை. போனதும் பெரியவர் என்னைக் கண்டார், திரும்பி இருந்துகொண்டு, சட்டையைத் தானே தூக்கினார். முதுகு சுத்தமாக இருந்தது. எண்ணெய் பூசியிருந்தார்கள். நான் கோப்பையைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன். மகள் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்க் கதிரை கொண்டுவந்து போட்டாள்.

"அந்தம்மா செத்த பிறகு ஆரும் வரமாட்டாங்க எண்டு நினைச்சன்," என்றாள்.

வராவிட்டால் உனக்கு நிம்மதிதானே என்றேன்.

அவள் தலையாட்டினாள், இல்லை என்று. "சில நாள் அம்மாட கையைப் பாக்கக்குள்ள எனக்கு என்னென்னவோ வரும். ஆரும் பாக்காட்டி நான் எப்பிடி நடப்பன் எண்டு எனக்கே நம்பிக்கை இல்ல. மறுகா, அடுத்த மாசமும் வாங்க."

வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், அக்கா. நாளைக்குப் போகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். அவளுக்கு என்ன ஏது என்று சொல்லவில்லை. நான் அங்கே என்ன செய்கிறேன் என்று பார்க்கட்டும்.